பழைய டிசையரில் டாப் மாடலா, புது டிசையரில் நடு மாடலா?

ஏழு லட்சத்துக்கு முன்னே பின்னே வைத்துக்கொண்டு செடான் தேடுகிறவர்கள், கடலூரானாலும் புதுச்சேரியானாலும், கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். 2022-ஆம் வருட மாருதி டிசையர், எல்லாம் போட்ட இசட்எக்ஸ்ஐ ப்ளஸ், ஒரே ஓனர் வண்டி ஒரு பக்கம். 2024 நவம்பரில் வந்த புது டிசையரில் நடு மாடலான விஎக்ஸ்ஐ, ஷோரூமிலிருந்து, இன்னொரு பக்கம். அதில் அலாய் வீல் கிடையாது, எல்இடி ஹெட்லைட் கிடையாது, ரிவர்ஸ் கேமராகூடக் கிடையாது. எங்கள் வீட்டில் இரண்டாவதை எடுத்தோம். பையனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அவன் கேட்டது சன்ரூஃப். அது புது டிசையரிலும் இசட்எக்ஸ்ஐ ப்ளஸ்ஸில்தான் வரும்.

சன்ரூஃப் கதையை முதலிலேயே முடித்துவிடுகிறேன். கத்திரி வெயிலில் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தோரம் நிறுத்திய காரில் ஏறிப் பார்த்தவர்களுக்குக் கூரையில் இன்னொரு கண்ணாடி வேண்டும் என்ற ஆசையே வராது. மழைத் தண்ணீர் வடிய அதன் ஓரத்தில் சின்னக் குழாய்கள் இருக்கும். வேப்பமரத்தடியில் நிறுத்துகிற வீட்டில் அவற்றை அடைப்பில்லாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. பிடித்தவர்கள் வாங்கட்டும், மனசுக்குப் பிடித்தது என்பதும் ஒரு காரணம்தான்.

மற்ற சாதாரண விஷயங்கள்: டிக்கி பழையதில் 378 லிட்டர், புதியதில் 382. தரை இடைவெளி இரண்டிலும் 163 மில்லிமீட்டர். கம்பெனி சொல்லும் மைலேஜ், மேனுவல் கியரில், 22.41-லிருந்து 24.79 ஆகியிருக்கிறது. இடவசதியில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

பழைய வண்டி ஜெயிக்கிற இடம் இன்ஜின். அது நான்கு சிலிண்டர், 90 பிஎஸ் சக்தி. புதியது மூன்று சிலிண்டர், 82 பிஎஸ். காகிதத்தில் சின்ன வித்தியாசம்தான். ஆனால் புதுச்சேரியில் இந்திரா காந்தி சிலை சிக்னலில் ஏசியோடு நிற்கும்போது புதியதில் ஒரு மெல்லிய நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரியும். பழையதில் வண்டி ஓடுகிறதா என்று மீட்டரைப் பார்க்க வேண்டும். ரெட்டிச்சாவடி தாண்டி லாரியை முந்தும்போதும் பழையதுக்குத்தான் மூச்சு அதிகம். இதை மறைத்துப் பேசினால் ஒப்பீட்டுக்கே அர்த்தமில்லை.

அப்புறம் ஏன் புதியது? எனக்கு முடிவைத் தந்தது ஒரே கேள்வி: இல்லாததைப் பின்னால் மாட்டிக்கொள்ள முடியுமா?

டாப் மாடலுக்கும் நடு மாடலுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசத்தில் பெரும்பகுதி கடையில் கிடைக்கும். கேமரா, அலாய், பெரிய ஸ்க்ரீன், வயர்லெஸ் சார்ஜர் எல்லாம் இந்த ஊரிலேயே அரை நாளில் போட்டுத் தருவார்கள். வயரை வெட்டாமல், சொருகுகிற கப்ளரில் மாட்டச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வாரண்டியில் வம்பு வரும். ஆனால் 2022-க்கும் 2024-க்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் எந்தக் கடையிலும் கிடைக்காது. பழையதில் டாப் மாடலே ஆனாலும் ஏர்பேக் இரண்டுதான். புதியதில் கீழ் மாடலிலிருந்தே ஆறு. வண்டி சறுக்கும்போது பிடித்து நிறுத்துகிற ஈஎஸ்பியும் எல்லா மாடலிலும் உண்டு. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கிய வண்டி இது. இரண்டு லட்சம் கொடுத்தாலும் பழைய வண்டிக்குள் யாரும் கூடுதல் ஏர்பேக் வைத்துத் தர மாட்டார்கள்.

அதைவிட ஆழமான வித்தியாசம் பெட்ரோலில் இருக்கிறது. பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் எந்த வண்டியிலும் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். அது பரவாயில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. அதற்கென்று செய்யாத ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் நாளாவட்டத்தில் பாதிக்கும் என்பதுதான் கவலை. 2023 ஏப்ரலிலிருந்து செய்கிற கார்களில் இந்தப் பாகங்கள் ஈ20-க்கு ஏற்றவை. இத்தனைக்கும் இதை யாரும் கேட்டு வாங்கவில்லை, எந்த விளம்பரத்திலும் பெரிதாகப் போடவில்லை. 2022 டிசையரையும் 2023 கடைசியில் வந்த டிசையரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் சொல்ல முடியாது.

ஆகவே பழையதுதான் எடுப்பேன் என்கிறவர்கள் ஆர்சியில் பதிவு தேதியைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. அதில் தயாரித்த மாதமும் வருடமும் தனியாக இருக்கும். 2022-இல் செய்து ஷோரூமில் கிடந்து 2023-இல் பதிவான வண்டியையும் "2023 மாடல்" என்றுதான் சொல்லி விற்பார்கள். பெட்ரோல் மூடியைத் திறந்து ஈ20 ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். ஈ20-க்கு ஏற்ற பழைய வண்டி, நான்கு சிலிண்டர் இன்ஜினோடு அமைந்தால் என் வாதம் பாதி பலம் இழந்துவிடும். ஏர்பேக் கணக்கு மட்டுமே மிஞ்சும்.

விலைக் கணக்கும் முன்பு போல இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்கும் 1200 சிசிக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் செஸ்ஸும் போய் 18 சதவீதம் ஆனது. டிசையர் 3,995 மில்லிமீட்டர், 1197 சிசி. அந்த வரம்புக்காகவே அளவெடுத்துத் தைத்த சட்டை. புதுசு இறங்கிய அளவுக்குப் பழசு இறங்கவில்லை. நாங்கள் பார்த்த வண்டிகளில் இரண்டுக்கும் இடைவெளி ஒரு லட்சத்துக்குள் வந்துவிட்டது.

அந்த ஒரு லட்சத்திலும் கடலூர்க்காரர்களுக்கு ஒரு பொறி உண்டு. நல்ல விலையில் கண்ணில் படுகிற பழைய வண்டிகளில் பாதி பிஒய்-01. புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதால் அங்கே பதிந்தவை. அதை வாங்கி இங்கே நிரந்தரமாக ஓட்ட வேண்டுமானால் அங்கே என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டுக்கு வண்டியின் வயதுக்கேற்ப வரி கட்டி, பன்னிரண்டு மாதத்துக்குள் இந்த ஊர் எண்ணுக்கு மாற்ற வேண்டும். அலைச்சலையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் என்று நினைத்ததில் பெரும்பகுதி கரைந்துவிடும். புதுச்சேரியில் வீடு உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அவர்களுக்குப் பழையது இன்னும் லாபம்தான்.

திரும்ப விற்கும்போது டாப் மாடலுக்கு மதிப்பு உண்டா என்று பழைய வண்டி வாங்கி விற்கிற என் மச்சானிடம் கேட்டேன். "மாமா, ஸ்க்ரீன் எவ்ளோ பெருசுன்னு எவனும் வெல போட மாட்டான். எந்த வருஷம், எத்தன ஓனரு, எவ்ளோ ஓடியிருக்கு, தண்ணில நின்னுச்சா, அவ்ளோதான்" என்றார். கடைசிக் கேள்வி ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சேர்ந்தது. 2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கம் புகுந்ததும் எத்தனையோ வண்டிகளை நனைத்துவிட்டன. பழையது பார்க்கப் போனால் சீட் பெல்ட்டை முழுசாக இழுத்து அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி குழியையும் தடவிப் பாருங்கள். நிறைய எலக்ட்ரானிக்ஸ் உள்ள டாப் மாடல் தண்ணீரில் நின்றிருந்தால் செலவும் அதற்கேற்ப ஏறும்.

சிஎன்ஜி வண்டியோ ஏஜிஎஸ் என்கிற ஆட்டோமேட்டிக் கியரோ நான் வைத்து ஓட்டியதில்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்று சிலிண்டர் இன்ஜின் லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு எப்படி இருக்கும் என்பதையும் என் வண்டியை வைத்துச் சொல்ல முடியாது, அது அவ்வளவு ஓடவில்லை.

புதியது எடுப்பவர்களுக்கு ஒன்று. டெலிவரி எடுத்த கையோடு சீட் கவர் போடத்தான் எல்லாரும் ஓடுகிறோம். ஆறில் இரண்டு ஏர்பேக் முன் சீட்டுகளின் பக்கவாட்டில் இருக்கிறது. முழுசாக இழுத்துத் தைக்கிற சாதாரண கவர் அதை விரியவிடாது. பக்கத் தையல் பிரிகிற மாதிரி, ஏர்பேக்குக்கென்றே வருகிற கவரைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.