கோத்தன்பர்க் தொழிற்சாலையில் போய் எடுத்த காடி

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் பிள்ளையோ தம்பியோ வோல்வோ காடி வாங்கப் போகிறேன் என்று சொன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறு என்று சொல்லுங்கள். அதே காடியை அது உருவாகும் இடத்திலேயே, சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்துத் தொழிற்சாலையில் போய் எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் சில நாள் ஓட்டிவிட்டு அங்கேயே ஒப்படைத்தால் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் 2019 ஜூனில் எக்ஸ்சி90 மாடல் எடுத்தது அப்படித்தான். நானும் அப்பாவும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து போய் அவரோடு சேர்ந்துகொண்டோம். இன்றைக்கும் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் பார்க்கிறவர்கள் "அந்த சுவீடன் காடி கதையைச் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். அதனால் முழுவதையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் ஒன்று. மலேசியாவில் இருந்துகொண்டு நாம் இப்படி வாங்க நினைப்பது நடக்கிற காரியம் இல்லை. அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம், இங்கே வலது பக்கம். அது தவிர ஏபி என்னும் இறக்குமதி அனுமதி வேண்டும், இறக்குமதி வரி வேறு, அதற்கு மேல் 60 முதல் 105 விழுக்காடு வரை கலால் வரி. நமக்கு அந்த வேலையே வேண்டாம், ஏனென்றால் ஷா ஆலாமில் 1967 முதலே வோல்வோவைப் பாகம் சேர்த்துப் பூட்டித் தருகிறார்கள், நம் நாட்டின் முதல் காடித் தொழிற்சாலையே அதுதான். இந்தத் திட்டம் அமெரிக்காவில் குடியிருப்பவர்களுக்குப் பொருந்துவது. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நடைமுறை இப்படி. அமெரிக்காவில் உள்ளூர் விற்பனைக் கடையில்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும், நேராகத் தொழிற்சாலைக்கு எழுத முடியாது. அண்ணன் வாங்கிய சமயத்தில் காடி விலை அங்கே போட்டிருக்கும் பட்டியல் விலையைவிடக் குறைவு. கூடவே இரண்டு பேருக்குப் போக வர விமான டிக்கெட், கோத்தன்பர்க்கில் ஓர் இரவு ஹோட்டல், சுவீடனின் தற்காலிக நம்பர் பிளேட், முதல் 15 நாளுக்குக் காப்புறுதி, திரும்பி வரும் கப்பல் செலவு, எல்லாம் அந்த விலைக்குள்ளேயே அடக்கம். டிக்கெட்டை அண்ணனும் அண்ணியும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் அப்பாவுக்கும் நாங்களே கோலாலம்பூரிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வழியாக எடுத்தோம். மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா தேவையில்லை என்பதால் அந்த அலைச்சலும் செலவும் மிச்சம்.

இதைக் கேட்டதும் எல்லாரும் "அப்படியானால் சுவீடன் சும்மாவே போய் வரலாமே" என்பார்கள். அப்படி இல்லை. விற்பனை வரியை அவரவர் மாநிலத்தில் கட்டத்தான் வேண்டும், நியூ ஜெர்சியில் 6.625 விழுக்காடு. ஓர் இரவுக்கு மேல் தங்கினால் ஹோட்டல், பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சொந்தச் செலவு, சுவீடனில் ஒரு சாதாரண மதியச் சாப்பாட்டின் விலையை மலேசிய வெள்ளிக்கு மாற்றிப் பார்த்தால் மனசு பதறும். அண்ணி கொண்டு வந்த புளியோதரைப் பொடியும் சின்ன ரைஸ் குக்கரும் எங்களைப் பல வேளை காப்பாற்றின. போவதாக இருந்தால் குறைந்தது ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஓர் இரவு தங்கிக் காடியைப் பார்த்துவிட்டு மறுநாளே விமானம் ஏறுவது இவ்வளவு தூரம் போனதற்கே அர்த்தமில்லாமல் செய்துவிடும்.

எங்களுக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு, அது அமெரிக்காவில். அண்ணன் முதலில் போன விற்பனைக் கடைக்காரருக்கு இந்தத் திட்டம் சரியாகத் தெரியவே இல்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை, அவர் "அதெல்லாம் ரொம்பச் சிக்கல், இங்கே நிற்கிற வண்டியை இன்றைக்கே எடுத்துக்கொண்டு போங்கள்" என்று மூன்று வாரம் இழுத்தடித்தார். இரண்டாவது கடையில் இதற்கென்றே பழகிய ஒரு பெண்மணி இருந்தார், ஒரே மாலையில் ஆர்டர் போய்விட்டது. ஆகவே கடைக்குப் போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தத் திட்டத்தில் நீங்கள் இதுவரை எத்தனை காடி விற்றிருக்கிறீர்கள் என்பதுதான். நான் சொல்வது 2019 நிலவரம், மாடலுக்கு மாடல், வருடத்துக்கு வருடம் சலுகை மாறும், எதுவானாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிஎம்டபிள்யூவும் அமெரிக்கர்களுக்கு இதே மாதிரி ஒரு திட்டம் வைத்திருந்தது, 2020-இல் அதை நிறுத்திவிட்டது. யாராவது பழைய கதையை வைத்து மியூனிக் போகலாம் என்றால் நம்ப வேண்டாம்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் ஹோட்டலிலிருந்து டெலிவரி மையத்துக்குப் போனோம். கண்ணாடிச் சுவர் போட்ட கூடம், வெளிச்சமாக, சத்தமே இல்லாமல் இருந்தது. காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கொடுத்து உட்கார வைத்துவிட்டுக் காகிதங்களை ஒவ்வொன்றாக விளக்கினார்கள். அப்புறம் ஒரு கதவு திறந்தது, அண்ணனின் காடி அங்கே தனியாக நின்றது. கடும் நீலம். ஒருவர் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் எங்களோடு இருந்து ஒவ்வொரு பொத்தானையும் காட்டினார், அப்பா கேட்டதற்கெல்லாம் நான் மொழிபெயர்க்கும்வரை காத்திருந்து பதில் சொன்னார். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் ரப்பர்ப் பால் லாரி ஓட்டியவர், தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு குலை லாரி. துரையின் காடியைக் கழுவியிருக்கிறார், பழுது பார்த்திருக்கிறார். ஆனால் எந்தக் கடையிலும் யாரும் அவரை உட்கார வைத்து இது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கியதில்லை. 1985-இல் புரோட்டான் சாகா வந்த பிறகு செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கினார், அப்போதும் சாவியைக் கையில் கொடுத்து அனுப்பியதுதான். அன்றைக்கு அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டே வந்தார். இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது அதற்காகத்தான்.

பூஜை போடாமல் காடியை எடுக்கக் கூடாது என்பதில் அப்பா உறுதியாக இருந்தார். முதல் நாள் மாலையே சூப்பர் மார்க்கெட்டில் நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்தாகிவிட்டது, விபூதியும் குங்குமமும் வீட்டிலிருந்து வந்தவை. கூடத்துக்குள் சூடம் கொளுத்த முடியாது என்று பணிவாகச் சொன்னார்கள், அதில் நியாயம் இருக்கிறது. வெளியே நிறுத்தும் இடத்துக்குக் காடியைக் கொண்டுவந்து, சூடத்தை மட்டும் விட்டுவிட்டு, பொட்டு வைத்துக் கும்பிட்டு, நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்து ஏற்றினோம். அந்த ஊழியரும் கூடவே வந்து அமைதியாக நின்றார், எதற்காக என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அண்ணன் இடம்வலம் பார்த்து மெதுவாகக் காடியை நகர்த்தியபோது அப்பா பக்கத்தில் கைகூப்பி நின்றதை அண்ணி படம் எடுத்தார், அது இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

மதியம் தொழிற்சாலை. டோர்ஸ்லாண்டா என்று பெயர், 1964-இல் அந்த நாட்டு அரசர் ஆறாம் குஸ்தாவ் அடால்ஃப் திறந்து வைத்தது. நடந்து சுற்றிப் பார்க்க முடியாத அளவுக்குப் பெரிய இடம், அதனால் நீல ரயில் என்று சொல்லும் பெட்டி வண்டியில் உட்கார வைத்துக் கட்டடத்துக்குள்ளேயே ஓட்டிப் போகிறார்கள். ஒரு பக்கம் பார்த்தால் தகடு அழுத்தும் இயந்திரங்கள், தரையே அதிர்கிறது. அடுத்த கட்டடத்தில் ரோபோ கைகள் வரிசையாக நின்று பற்றவைக்கின்றன, தீப்பொறி தீபாவளி மாதிரி. மேலேயிருந்து காடியின் உடம்பு இறங்கி வர, கீழேயிருந்து இன்ஜினும் சக்கர அமைப்பும் ஏறி வந்து இரண்டும் சேரும் இடம் ஒன்று இருக்கிறது. காடித் தொழிலில் அதற்குக் கல்யாணம் என்றே பெயர். அதைச் சொன்னதும் அப்பா "அப்படியா" என்று கழுத்தைத் திருப்பி அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்தார்.

கதவு ஓரத்து ரப்பர் பட்டைகளைப் பொருத்தும் இடம் வந்தபோது அப்பா என் கையைத் தொட்டு, "ஆயி, இதுல நம்ம பால் இருக்குமா கேளு" என்றார். கேட்டேன். வழிகாட்டிப் பெண் யோசித்துவிட்டு, கதவுப் பட்டை பெரும்பாலும் செயற்கை ரப்பர், டயரில்தான் மரத்து ரப்பர் இருக்கும் என்று சொன்னார். எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கோலகங்சாரில் 1877-இலேயே ரப்பர் கன்று நட்டார்கள், அதில் ஒரு பழைய மரம் இன்றும் நிற்கிறது, என் பாட்டி இருட்டோடு எழுந்து பிரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போய்ப் பால் வெட்டியவர் என்று நான் சொன்னதை அந்தப் பெண் ஒலிபெருக்கியில் மற்றவர்களுக்கும் சுவீடிஷில் சொன்னார். வண்டியில் இருந்த ஒரு வயதானவர் திரும்பி அப்பாவுக்குக் கை கொடுத்தார். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை.

வோல்வோ அருங்காட்சியகத்தையும் பார்த்தோம், அது 2023-இல் மூடப்பட்டுவிட்டது. 1927-இல் வெளிவந்த முதல் வோல்வோவிலிருந்து வரிசையாக வைத்திருந்தார்கள். என்னை நிறுத்தியது மூன்று முனை சீட் பெல்ட். நில்ஸ் போலின் என்ற பொறியாளர் 1959-இல் வோல்வோவுக்காகச் செய்தது, மற்றக் கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று காப்புரிமையைத் திறந்து விட்டுவிட்டார்கள். நம் நாட்டில் முன் இருக்கைக்குப் பெல்ட் கட்டாயமானது 1979-இல், பின் இருக்கைக்கு 2009-இல். அப்பாவின் லாரியில் பல வருடம் பெல்ட்டே கிடையாது, மழைக்காலத்தில் செம்மண் சரிவில் அவர் இறங்கி வந்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஒன்பது நாள் ஓட்டினோம். ஓட்டியது அண்ணனும் அண்ணியும்தான், அவர்களுக்கு வலது பக்கப் போக்குவரத்து பழக்கம். பகலிலும் விளக்குப் போட்டே ஓட்ட வேண்டும், குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.2 பங்கு மது, அதாவது ஒரு பீர் கூட ஆபத்து. காட்டோரச் சாலைகளில் மூஸ் மான் படம் போட்ட பலகை வந்தால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இ6 சாலையில் தெற்கே மால்மோ வரை போய், கடல் மேல் ஓரெசுண்ட் பாலத்தில் ஏறி டென்மார்க் போனோம். பினாங்குப் பாலம் பார்த்த நமக்குப் பாலம் புதிதில்லை, ஆனால் இது பாதியில் ஒரு செயற்கைத் தீவில் இறங்கிக் கடலுக்கு அடியில் சுரங்கமாகிப் போகிறது. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்ததால் அப்பாவுக்குத் தூக்கமே பிடிபடவில்லை, திரைச்சீலை தடிப்பாக இருக்கும் அறையாகக் கேட்டு வாங்குங்கள். காடியைப் பற்றிச் சொல்வதென்றால் இருக்கை அருமை, ஐந்து மணி நேரம் உட்கார்ந்தும் அப்பா முதுகு வலி என்று சொல்லவில்லை. திரையில் எல்லாவற்றையும் அடக்கி வைத்திருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை, ஏர்கானைக் கூட்டக் கூடத் திரையைத் தொட வேண்டும்.

கடைசி நாள் கோத்தன்பர்க்கிலேயே காடியை ஒப்படைத்தோம். வேறு நகரங்களில் விடுவதற்கும் வழி உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். உள்ளே சொந்தப் பொருள் எதையும் விட்டு வைக்கக் கூடாது. அமெரிக்காவில் மண், விதை, உணவு விஷயத்தில் கண்டிப்பாக இருப்பார்கள், அதனால் இருக்கைக்கு அடியில் கிடந்த முறுக்குத் தூள் வரை பெருக்கினோம், சக்கரத்தில் ஒட்டியிருந்த எலுமிச்சைத் தோலையும் சேர்த்து. ஒப்படைக்கும்போது சுற்றிலும் படம் எடுத்து வையுங்கள்.

அதற்கப்புறம் காத்திருப்பு. அண்ணன் கைக்குக் காடி வந்து சேர எட்டு வாரம் ஆனது. பழைய காடியைச் சுவீடனுக்குப் புறப்படும் முன்பே விற்றுவிட்டதால் இரண்டு மாதம் நண்பரின் காடியை இரவல் வாங்கி ஓட்டினார். அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம். ஆர்டர் கொடுத்ததிலிருந்து கணக்குப் போட்டால் மொத்தம் ஏழு மாதம், அவசரமாகக் காடி வேண்டியவர்களுக்கு இது சரிப்படாது, சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் யோசிக்க வேண்டும். வெளிநாட்டுக்கு விடுமுறை போகும் எண்ணம் எப்படியும் இருந்து, இந்த மாடல்தான் வேண்டும் என்று முடிவும் எடுத்துவிட்டால், தயங்காமல் செய்யுங்கள். அண்ணன் கணக்கில் காடி விலையில் மிச்சமான பணம் ஒன்பது நாள் செலவில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிட்டது.

தேதி விஷயத்தில் மட்டும் கவனம். ஜூலையில் சுவீடனில் தொழிற்சாலைகள் சில வாரம் விடுமுறைக்கு மூடிவிடும், காடி கிடைக்கும், ஆனால் நீல ரயிலில் போய்ப் பார்க்க ஒன்றும் ஓடாது. டிசம்பர் முதல் மார்ச் வரை சாலையில் பனி இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம், பகலும் குறைவு. மே கடைசியோ ஜூனோ பாருங்கள், அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் தொழிற்சாலை ஓடுகிற நாள்தானா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டு அதற்குப் பிறகு டிக்கெட் எடுங்கள்.