நகரக் காட்டுயிர் ஆய்வு: தானியங்கிக் கேமராவா, ஒலிப்பதிவுக் கருவியா?

தானியங்கிக் கேமரா, விலங்கின் உடலும் பின்னணியும் வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களின் (வெப்பக் கதிர்களின்) வேறுபாட்டை அது நகரும்போது உணர்ந்து படமெடுக்கிறது. ஆகவே வெயிலில் காய்ந்த சுவரும் தரையும் விலங்கின் உடற்பரப்பு வெப்பத்தை நெருங்கும் நண்பகலில் பல விலங்குகளை அது தவறவிடக்கூடும். இரவில் நடமாடும் பாலூட்டிகளுக்கு இதுவே ஏற்றது. உடற்குறிகள் தெளிவாக இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காணவும் முடியும்.

ஒலிப்பதிவுக் கருவியோ எத்திசையிலிருந்து வரும் குரலையும் பதிவு செய்வதால், கண்ணுக்கு எளிதில் புலப்படாத பறவை, தவளை, வௌவால் ஆகியவற்றுக்கு நான் தயக்கமின்றி இதையே பரிந்துரைப்பேன். பெரும்பாலான வௌவால்கள் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியெழுப்புகின்றன. அதைப் பிடிக்க, பதிவின் மாதிரி வேகம் (கருவி ஒரு நொடியில் ஒலியை அளந்து பதியும் தடவைகளின் எண்ணிக்கை) அந்த ஒலியின் உச்ச அதிர்வெண்ணைப்போல் குறைந்தது இருமடங்குக்கு மேல் இருக்க வேண்டும். அத்தகைய உயர் அதிர்வெண் ஒலி காற்றில் விரைவாகத் தேய்வதால், கருவி கேட்கும் தொலைவும் குறுகிவிடுகிறது. போக்குவரத்து இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்களில் செறிந்திருப்பதால், அதே அதிர்வெண்களில் எழும் மெல்லிய குரல்கள் அதில் மூழ்கிவிடுகின்றன. நெதர்லாந்தின் லைடன் நகரில் இரைச்சல் மிகுந்த இடங்களில் வாழும் பட்டாணிக்குருவி இனப் பறவைகள் சற்று உயர்ந்த அதிர்வெண்ணில் பாடுவதை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதைக் கேமராவால் ஒருபோதும் கண்டறிந்திருக்க இயலாது. ஆனால், பதிவான பத்துக் குரல்கள் பத்துப் பறவைகளுடையவையா, ஒரே பறவையுடையவையா என்பதை ஒலிப்பதிவை மட்டும் கொண்டு உறுதிசெய்வது பெரும்பாலும் கடினம்.