சீ ஹாக் மாடலுக்கு ரெசின் இறக்கை வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

"இந்தியக் கடற்படை சீ ஹாக், மடிந்த இறக்கை கன்வர்ஷன் செட், 1/72, டெக்கால் உட்பட" என்ற விளம்பரத்தை நம்பி, 4,200 ரூபாயையும் ஜிபேயில் முன்பணமாகவே அனுப்பி ஏமாந்துவிட்டேன். இன்னொருவர் ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். சீ ஹாக் என்பது நம் கடற்படையில் இருந்த பழைய ஜெட் போர் விமானம். 1/72 என்றால் நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கு அளவு. கன்வர்ஷன் செட் என்பது பிளாஸ்டிக் மாடல் கிட்டின் பாகத்துக்குப் பதிலாக வைக்கும் மாற்றுப் பாகம், இங்கே ரெசின் என்ற பிசினை இறுக்கிச் செய்தது. டெக்கால் என்பது மாடலில் ஒட்டும் சின்னங்கள்.

மயிலாடுதுறையில் இருக்கும் என் பெரியப்பா கடற்படையில் விமான மெக்கானிக்காக இருந்தவர். 1971 டிசம்பர் 4 அன்று விமானம் தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ராந்திலிருந்து சீ ஹாக் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கக் கிளம்பியபோது அந்தக் கப்பலில் இருந்தார். "கீழ்த்தளத்துல ரெண்டு இறக்கையையும் மேல மடிச்சிக்கிட்டு வரிசையா நிக்கும்டா" என்று இன்றைக்கும் சொல்வார். வரும் தையில் திருக்கடையூரில் அவருக்குச் சதாபிஷேகம். அதற்குள் அந்தக் கோலத்தில் ஒன்று செய்து கொடுக்க ஆசை. என்னிடம் இருந்த பழைய கிட்டில் இறக்கை விரிந்துதான் இருக்கும். அறுக்க எனக்குத் தெரியும். ஆனால் மடிப்புக்குள் தெரியும் விலாக்களையும் குழாய்களையும் செய்ய நாள் போதாது என்று செட்டை வாங்கினேன்.

பார்சல் வந்த அன்று சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதி அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்துச் சிலைக்குத் தாள அளவு, அதாவது உறுப்புகளின் விகித அளவு, எடுப்பவர். ரெசின் இறக்கையை என் கிட்டின் மேல் வைத்துப் பார்த்தவர், "தம்பி, இது அதுக்குச் செஞ்சது இல்லையே" என்றார். வெர்னியர் (நுட்பமாக அளக்கும் கருவி) வைத்தேன். மடிப்புக் கோட்டில் கிட்டின் அகலம் 32 மி.மீ., வந்ததில் 30. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 1/77. வேறு அளவுக்கு வரைந்த ஃபைலைக் கண்மதிப்பில் சுருக்கி 3டி பிரிண்டரில் அச்சடித்திருக்கிறார்கள். 2 மி.மீ. தானே என்று விட முடியாது. உடலோடு சேரும் இடத்தில் படிக்கட்டு மாதிரி நிற்கும், புட்டி வைத்தாலும் மறையாது.

அடுத்து ரெசின். தொட்டால் விரலில் பிசுபிசு என்று ஒட்டியது. பதினைந்தாம் நாள் இடது இறக்கை விளிம்போரம் வெடித்து, தேன் மாதிரி ஒன்று வழிந்தது. உள்ளே குடைவாக அச்சடித்துவிட்டு, வடிய ஓட்டை விடாமல் அடைத்தால் இறுகாத ரெசின் உள்ளேயே தங்கி இப்படித்தான் ஒரு நாள் உடைக்கும். அது தோலுக்கு ஆகாது, கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

டெக்காலைப் பார்த்தபோதுதான் உண்மையிலேயே வயிறு எரிந்தது. நம் விமானங்களில் தீட்டும் வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவில் பச்சை. இதில் வெளியே பச்சை, நடுவில் காவி. அதைப் பெரியப்பா கையில் எப்படிக் கொடுப்பது?

கேட்டதற்கு, "வெயில்ல வெச்சிருப்பீங்க சார்" என்றார் விற்றவர். அளவைப் பற்றிக் கேட்டால், "கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது." அப்புறம் பிளாக். விளம்பரத்தில் இருந்த படம் வேறு யாரோ செய்த மாடலுடையது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், பாகத்தின் மேல் வெர்னியர் வைத்து, பக்கத்தில் உங்கள் பெயரும் தேதியும் எழுதிய தாளோடு படம் கேளுங்கள். சீ ஹாக்கின் இறக்கை நுனிக்கு நுனி 11.89 மீட்டர், 1/72-இல் 165 மி.மீ. வரவேண்டும். குடைவா, ஓட்டை எங்கே என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் பணம் அனுப்பாதீர்கள். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். நான் எடுக்கவில்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். விற்றவர் வெளியூர் என்று விட்டுவிட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

இப்போது எல்லாவற்றையும் நானே செய்கிறேன். அரை மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் விலாக்கள் வெட்டியாயிற்று. ஹைட்ராலிக் குழாய்களுக்கு, பம்புசெட் மோட்டார் வைண்டிங் கடையில் மெல்லிய செம்புக் கம்பி கேட்டேன், காசே வாங்காமல் ஒரு முழம் கொடுத்தார். வட்டங்களைக் கையாலேயே தீட்டப் போகிறேன். இடது இறக்கை முடிந்தது, வலதில் கீல் பாக்கி.

வந்த பாகங்களைப் புகாருக்காக ஜிப் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.