கப்பலூரா, டாக்காவா: சட்டை ஆர்டரை எங்கே தைப்பது?

வங்கதேசம் என்றதும் கூலி மலிவு என்பார்கள். அங்கே ஆயத்த ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2023 டிசம்பரிலிருந்து 12,500 டக்கா (அந்நாட்டு நாணயம்). மதுரைக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையான கப்பலூரை விடக் குறைவுதான். ஆனால் ஆர்டரை இழுத்தது கூலி மட்டுமல்ல, வரியும்தான். ஐரோப்பாவுக்கு அங்கிருந்து போகும் சட்டைக்குச் சுங்கமில்லை. துணி எந்த நாட்டுடையதானாலும் அங்கே தைத்தால் போதும். இந்தியச் சட்டைக்குப் பல்லாண்டுகளாக 9 முதல் 12 சதவீதம். 500 ரூபாய்ச் சட்டையில் 45 ரூபாய்க்கு மேல் அங்கேயே போய்விடும். தையல் கூலியில் மிச்சம் பிடித்தாலும் அவ்வளவு தேறுமா?

கப்பலூரின் பலம் வேறு. கட்டிங் மேசையில் ஒரு ரோல் நிறம் மாறி நிற்கிறது, 200 மீட்டர் குறைகிறது என்று வையுங்கள். ஈரோட்டிலிருந்து இரவு லாரியில் ஏற்றினால் காலையில் வந்துவிடும். தூத்துக்குடித் துறைமுகமும் சில மணி நேரம்தான். டாக்காவில் இறக்குமதித் துணி குறைந்தால் வாரக்கணக்கில் தையல் லைன் சும்மா நிற்கும். 2025 ஏப்ரலில் அந்நாடு இந்திய நூலைத் தரைவழியே எடுப்பதை நிறுத்தியதும் கடல்வழிக் காத்திருப்பு வேறு சேர்ந்தது.

ஒரே மாடலில் 50,000 சட்டையா, டாக்கா. 3,000 சட்டை, ஆறு நிறம், நடுவில் காலர் மாற்றமா? கப்பலூரை விட்டு நகராதீர்கள்.