முதல் ஆமைக்கான மரக்கூடும் உடன் வரும் விளக்கும்

பிரிட்டனில் முதன்முதலாக ஆமை வளர்க்க விரும்புவோர் செல்லப்பிராணிக் கடைக்குள் நுழைந்தால், மேற்புறம் திறந்த மரக்கூடு, வெப்ப விளக்கு, புற ஊதா விளக்கு, தண்ணீர்த் தட்டு, வெப்பமானி எல்லாம் சேர்ந்த தொகுப்பு ஒன்றையே முதலில் காட்டுவார்கள். எங்கள் வீட்டு ஹார்ஸ்ஃபீல்டு ஆமைக்காக அப்படியொரு தொகுப்பை வாங்கிப் பயன்படுத்தி வருகிறோம். கூட்டைத் தயங்காமல் வாங்கலாம். உடன் வரும் விளக்கை நம்பி அதற்குள் ஆமையை விடக் கூடாது என்பதே என் முடிவு.

கூட்டை விட ஆமையைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். கசகஸ்தான், உஸ்பெகிஸ்தான் முதலிய நாடுகளின் வறண்ட புல்வெளிகளைச் சேர்ந்த ஹார்ஸ்ஃபீல்டு ஏறத்தாழ 20 செ.மீ. நீளத்தோடு நின்றுவிடும், அதே கடையில் உள்ளங்கையளவில் இருக்கும் சுல்காட்டா என்னும் வேறின ஆமைக் குஞ்சோ வளர்ந்து 45 கிலோவையும் தாண்டக்கூடும். வளர்ப்பகத்தில் பிறந்ததா என்று கேட்டறிந்த பிறகு, கையில் எடுத்துப் பாருங்கள். உடல் கனமாக இருக்க வேண்டும். காலைத் தொட்டால் வலுவாக உள்ளிழுக்க வேண்டும். கண்கள் தெளிவாகவும் மூக்கு சளியின்றியும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்போர், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்பதை மறக்க வேண்டாம்.

கூட்டின் அமைப்பு நன்று. காற்றோட்டம் தாராளமாக இருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் விடப்படும் ஆமை, வெளியே தெரியும் இடத்துக்குப் போக முடியாமல் சுவரை ஓயாது முட்டிக்கொண்டிருக்கும். மரச்சுவர் அந்தத் தவிப்பைத் தவிர்த்துவிடுகிறது. வளர்ந்த ஆமைக்கு 4 அடிக்கு 2 அடி என்ற அளவுக்குக் குறையாமல் வாங்குவது நல்லது. குறை அடிப்பலகையில்தான் இருக்கிறது. மண்ணைத் தோண்டிப் புதைந்துகொள்வது இவ்வினத்தின் இயல்பு என்பதால், உரமிடாத மண்ணும் மணலும் கலந்து ஆழமாக நிரப்பி, அடிமண் சற்று ஈரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஈரம் பட்டுப் பட்டு எங்கள் கூட்டின் ஒட்டுப்பலகை மூலைகளில் உப்பி, ஏடு ஏடாகப் பிரியத் தொடங்கியது. குளத்துக்கு விரிக்கும் ரப்பர் விரிப்பை அடியிலும் பக்கங்களிலும் போட்ட பின்னரே அது நின்றது.

விளக்கைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் ஆமையின் உடல் வைட்டமின் டி3யை உருவாக்கிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் தின்னும் சுண்ணாம்புச்சத்து எலும்பில் சேராது, ஓடு மென்மையாகிக் கோணும். தொகுப்பில் வந்த சிறிய சுருள் விளக்கின் கதிரோ ஒரு சாப்பாட்டுத் தட்டின் பரப்பைத் தாண்டிப் பயனுள்ள அளவில் விழுவதில்லை. 1968இல் சோவியத் விண்கலம் சோண்ட் 5இல் நிலவைச் சுற்றித் திரும்பியவை இவ்வின ஆமைகளே. அவ்வளவு தாங்கும் உடலும் இந்தக் கதிரில்லாமல் நலிந்துவிடும். ஆகவே, பிரதிபலிப்புத் தகடுடன் கூடிய 12 சதவீதப் புற ஊதா பி கதிர் தரும் டி5 வகை மெல்லிய குழல் விளக்கைத் தனியே வாங்கிப் பொருத்தினோம். கண்ணுக்கு வெளிச்சம் குறையாவிட்டாலும் கதிர் குறைந்துவிடுவதால் ஆண்டுக்கு ஒருமுறை குழலை மாற்ற வேண்டும். சன்னலோர வெயில் இதற்கு ஈடாகாது. கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும்.

வெப்பமானியும் சுவரின் சூட்டைத்தான் காட்டுகிறது. வெப்ப விளக்கின் கீழே, ஓட்டின் உயரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸும், மறுகோடியில் 20 டிகிரி அளவிலும் இருக்கிறதா என்று பார்க்க, உணரியுடன் கூடிய டிஜிட்டல் வெப்பமானி தேவை.

தொகுப்புடன் வந்த கையேட்டின் அட்டையில் தக்காளியும் வாழைப்பழமும் தின்னும் ஆமையின் படம் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இவ்வினத்துக்கு ஏற்றது பழமன்று. மருந்தடிக்காத தோட்டத்தில் முளைக்கும் டேன்டேலியன் போன்ற நார்ச்சத்து மிகுந்த களையிலைகளே. சுண்ணாம்புச்சத்துக்காகக் கூட்டில் கணவாய் மீனின் ஓடு ஒன்றைப் போட்டுவைத்தால் வேண்டும்போது தானே கொறித்துக்கொள்ளும். எங்கள் ஆமை அதன் ஓரத்தைப் பிறை பிறையாகக் கடித்து வைத்திருக்கிறது.

இதே கூட்டைத் தொகுப்பில்லாமல் தனியாகவும் விற்கிறார்கள். அதையே கேட்டு வாங்கி, மிஞ்சும் பணத்தைக் குழல் விளக்குக்குச் செலவிடுங்கள்.