குளிர் விலகும் வாரங்களில் டாம்பா: இன்ஷோரா, நியர்ஷோரா?

ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில், டாம்பா விரிகுடாப் பக்கம், பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை தூண்டில் போடப் போகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். விரிகுடாவுக்குள்ளேயே ஆற்று வாய், கடற்புல் திட்டு, அலையாத்திக் கரை என்று சுற்றுவதா? அல்லது முகத்துவாரத்தைத் தாண்டி மெக்சிகோ வளைகுடாவில் சில மைல் போய், செயற்கைப் பார்களின் (மீன் சேர்வதற்காகக் கடலடியில் போட்ட குவியல்களின்) மேல் நங்கூரம் போடுவதா? முன்னது இன்ஷோர், பின்னது நியர்ஷோர். பலரும் காலண்டரைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் காற்றின் திசை, அப்புறம் தண்ணீரின் சூடு, மாதமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தப் பருவத்தில் ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு குளிர்முகம், அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, வடக்கிலிருந்து இறங்கும். அது வருவதற்கு முன் தெற்கும் தென்மேற்குமாக வீசும் காற்று, கடந்து போனதும் வடமேற்குக்குத் தாவும். பிறகு வடக்கு, வடகிழக்கு என்று சுற்றிக் கடைசியில் கிழக்குக்கு வரும். கரையோ மேற்கைப் பார்த்திருக்கிறது. வடமேற்கிலிருந்து அடித்தால் வளைகுடா முழுவதும் தாண்டி வந்த அலை நேரே முகத்துவாரத்தில் மோதும். சின்னப் படகோடு அன்றைக்கு வெளியே போவது வீண் வம்பு. கொண்டல், அதாவது கிழக்குக் காற்று, வீசும் நாளில் கதையே வேறு. நிலம் காற்றை மறைப்பதால் கரையை ஒட்டிய சில மைல்களுக்குக் கடல் மட்டாகக் கிடக்கும். நியர்ஷோருக்கு அதுதான் நாள். தென்காற்று மெதுவாக இருக்கிறதே என்று கிளம்புகிறவர்கள் மூடுபனியையும் கணக்கில் வைக்க வேண்டும். இன்னும் குளிர்ந்திருக்கும் நீரின் மேல் ஈரமான சூட்டுக்காற்று வந்தால், முகத்துவாரத்துக்கு வெளியே எதிரில் வரும் கப்பலே தெரியாத அளவுக்குப் பனி இறங்கும்.

இன்ஷோரின் பெரிய பலம், எந்தக் காற்றிலும் ஒதுங்க ஓர் இடம் கிடைக்கும் என்பது. ஆனால் அங்கே மீனின் வேகத்தைத் தண்ணீரின் சூடுதான் தீர்மானிக்கிறது. ஸ்னூக் வெப்பமண்டல மீன். குளிர் அதற்கு ஆகாது. 2010 ஜனவரிக் குளிரில் ஃபுளோரிடாவில் ஏராளமான ஸ்னூக்குகள் செத்து மிதந்தன. அதனால் குளிர்காலத்தில் அது ஆறுகளிலும் கால்வாய்களிலும் ஆழமான இடத்தில் முடங்கிக் கிடக்கும், மார்ச்சில் மெல்ல வெளியே வரும். ட்ரவுட்டும் ரெட்ஃபிஷ்ஷும் அவ்வளவு சொகுசுக்காரர்கள் இல்லை, ஆனால் அவையும் குளிரில் மந்தமாகிவிடும். இங்கே விடியற்காலைப் பழக்கத்தைக் கைவிட்டால் நல்லது. பிப்ரவரியில் பதினொரு மணிக்குப் போனால் போதும். கறுப்புச் சேறு வெயிலை வாங்கிக்கொண்டு ஆழமில்லாத நீரைச் சில டிகிரி சூடாக்கிவிடும், மீனும் அங்கே ஏறி வரும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. குளிர்காலத்தில் காலை வற்றம் ரொம்பவே கீழே போகும். குளிர்முகத்தின் வடக்குக் காற்று சேர்ந்தால் விரிகுடாவின் தண்ணீரை இன்னும் வெளியே தள்ளிவிடும். புல்மேடு வெளியே தெரியும், மீன் அத்தனையும் நடுவிலிருக்கும் மணற்குழிகளில் போய் அடையும். படகுக்காரருக்கு அது தரைதட்டும் நேரம். காயக்கில் வருகிறவருக்கும் இறங்கி நடக்கிறவருக்கும் கொண்டாட்டம். உயிர் இறாலோ சின்ன ஜிக்கில் (ஈயத்தலை வைத்த முள்ளில்) மாட்டிய ரப்பர் புழுவோ போதும்; எவ்வளவு மெதுவாக இழுக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக இழுக்க வேண்டும்.

இனி நியர்ஷோர். பிப்ரவரியில் அங்கே போவதற்கு ஒரே நல்ல காரணம் ஷீப்ஸ்ஹெட், கூடவே கொஞ்சம் ஹாக்ஃபிஷ். ஷீப்ஸ்ஹெட்டுக்குக் கறுப்பு வரி போட்ட உடம்பு, மனிதப் பல் வரிசையையே கடன் வாங்கியது போன்ற வாய். முட்டையிடும் காலம் என்பதால் பார்களிலும் பாலத்தூண்களிலும் கூட்டமாகச் சேரும். அந்தப் பல்லால் இரையை நொறுக்கித் தின்பதால் தூண்டில் நரம்பில் இழுப்பே தெரியாது. தெரிந்து முள்ளைக் கொத்தும்போது இறால் போயிருக்கும். சின்ன, தடித்த முள், அதை ஒட்டியே ஈயக்குண்டு, ஒரு துண்டு இறால் அல்லது ஃபிட்லர் நண்டு; நரம்பை எப்போதும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். இந்த மீனுக்காக மட்டுமே வெளியே போகலாம் என்பேன்.

கேக் குரூப்பர் (gag grouper) என்ற களவா வகை மீன் ஆசையில் போகாதீர்கள், அதைப் பிடிக்கும் பருவம் இந்த மாதங்களில் மூடியிருக்கும்.

தண்ணீர் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டதும், அதாவது ஏறக்குறைய 21 செல்சியஸில், தராசு நியர்ஷோர் பக்கம் சாய்ந்துவிடும். சராசரி ஆண்டில் இது மார்ச் பிற்பகுதி. தெற்கிலிருந்து மத்திக்கூட்டங்கள் மேலே வரும். அவற்றைத் துரத்திக்கொண்டு ஸ்பானிஷ் மேக்கரல், அதன் பின்னாலேயே கிங்ஃபிஷ். இரண்டும் நம் வஞ்சிரத்தின் பங்காளிகள், அதே கத்திப் பல். கிங்ஃபிஷுக்குக் கம்பி லீடர் (நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டும் கம்பித் துண்டு) இல்லாமல் போவது முள்ளைத் தானம் செய்வதற்குச் சமம். பறவைகள் விழுந்து எழும் இடத்தில் பளபளக்கும் ஸ்பூனை (உலோகத் தகட்டுப் போலி இரையை) வேகமாக இழுத்தால் ஸ்பானிஷ் கிடைக்கும். கிங்ஃபிஷுக்கு உயிர் மத்தியை மாட்டி மெதுவாகப் படகை நகர்த்த வேண்டும். அந்த வாரங்களில் கொண்டல் வீசினால் நான் விரிகுடாவுக்குள் நேரம் செலவிட மாட்டேன்.

படகே இல்லாதவருக்கு விரிகுடா வாயைக் கடக்கும் ஸ்கைவே பாலத்தடி இருக்கிறது. 1980 மே 9 அன்று சரக்குக் கப்பல் மோதி அங்கிருந்த பழைய பாலம் சரிந்து 35 பேர் இறந்தார்கள். அதன் மிச்சம் பிறகு மீன்பிடி மேடையானது. விரிகுடா வாயிலேயே நிற்பதால் தூண்களில் ஷீப்ஸ்ஹெட், நடுநீரில் ஸ்பானிஷ் என்று இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும். பெலிக்கன்கள் நரம்பில் சிக்குவதால் அங்கே தனி விதிகள் உண்டு, முன்பே படித்துவிட்டுப் போங்கள்.

விதிகளிலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. இந்தப் பக்கம் மாநிலக் கடல் 9 கடல் மைல் வரை. அதற்கு அப்பால் மத்திய அரசின் விதி. டாம்பா விரிகுடாவில் இந்தப் பருவத்தில் ஸ்னூக்கை மார்ச் 1 முதல் ஏப்ரல் 30 வரைதான் வைத்துக்கொள்ளலாம், ஆளுக்கு ஒன்று, 28 முதல் 33 அங்குலத்துக்குள். ஷீப்ஸ்ஹெட் குறைந்தது 12 அங்குலம், ஆளுக்கு 8. மார்ச், ஏப்ரலில் மட்டும் படகுக்கு 50 என்ற உச்சவரம்பும் சேரும். வெளிமாநிலத்தவர் கரையில் நின்று போட்டாலும் உரிமம் வேண்டும். காசு கொடுத்து சார்ட்டர் படகில் ஏறினால் அந்தப் படகின் உரிமமே போதும்.