டெல்லிப் புகை: ஒற்றை-இரட்டை, பழைய வண்டித் தடை, எரிபொருள் மாற்றம், பஸ் – இதில் எது தேறும்?

டெல்லிக் காற்று கெட்டதற்கு வண்டிகள் மட்டும் காரணமில்லை. வயலில் எரிக்கும் வைக்கோல், கட்டட வேலைத் தூசி, குளிர்காலத்தில் அசையாமல் நிற்கும் காற்று எல்லாம் சேர்ந்துதான் அந்த மூட்டம். ஆனால் வைக்கோல் சில வாரத்தில் எரிந்து முடிந்துவிடும், சைலன்சர் புகை வருடம் முழுக்க மூக்குக்கு நேராக வந்துகொண்டே இருக்கும். அதைக் குறைக்க டெல்லியில் ஏறக்குறைய எல்லா வைத்தியத்தையும் செய்து பார்த்துவிட்டார்கள், அதனால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஊர்.

அதிகம் பேசப்பட்டது ஒற்றை-இரட்டை. 2016 ஜனவரியில் 15 நாள், அதே ஏப்ரலில் மறுபடி, அப்புறம் 2019 நவம்பரில் ஒரு தடவை. நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஒற்றைப்படைத் தேதியில் மட்டும் காரை எடுக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, விதிவிலக்குப் பட்டியலைப் படிக்கும் வரை. டூவீலருக்கு விலக்கு, பெண்கள் ஓட்டும் காருக்கு விலக்கு, முக்கியஸ்தர்களுக்கு விலக்கு, 2016இல் சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை வாயு) காருக்கும் விலக்கு. டெல்லியில் பதிவான வண்டிகளில் பாதிக்கு மேல் டூவீலர்! அதைக் கை வைக்காததற்குக் காரணமும் உண்டு, அத்தனை பேரையும் ஒரே நாளில் ஏற்றிக்கொள்ள பஸ் கிடையாது. ஜனவரியில் சாலை காலியாக இருந்தது என்று பலரும் சந்தோஷப்பட்டார்கள், உண்மைதான், ஆனால் பள்ளிகளையும் அந்த நாட்களில் மூடி அவற்றின் பஸ்களை வாங்கி ஓட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதைச் சில நாள் கூத்தாக இல்லாமல் நிரந்தரமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோ நகரம் இருக்கிறது. 1989இலிருந்து வாரத்தில் ஒரு நாள் வண்டியை வீட்டில் வைக்கச் சொன்னார்கள், வசதியுள்ளவர்கள் வேறு எண்ணில் இரண்டாவது காரை, அதுவும் பழையதாக, வாங்கிக்கொண்டார்கள். அவசர காலத்தில் சில நாளுக்கு நெரிசலைக் குறைக்கும் கருவி, அவ்வளவுதான்.

பழைய வண்டித் தடை இதைவிட நியாயமாகத் தெரியும். டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம், அதற்கு மேல் ஓடக்கூடாது என்பதை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு பங்க்கிலேயே எரிபொருள் கிடையாது, கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக் காட்டிக்கொடுக்கும் என்றார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே ஒத்திப்போட்டார்கள். எனக்கு இதில் உறுத்துவது வயதுக் கணக்குதான். டெல்லியில் பி.எஸ்.-4 விதி (வண்டிப் புகைக்கு இந்தியா வைத்த மாசுத் தரங்களில் ஒன்று, எண் கூடக் கூட கட்டுப்பாடு கடுமை) 2010இலேயே வந்துவிட்டது, ஆக 2025இல் பத்து வயதைத் தாண்டும் டீசல் கார் பி.எஸ்.-4 கார். அதில் பணி ஓய்வு பெற்ற ஒருவர் வாரம் ஒருமுறை கோயிலுக்குப் போகிறார் என்று வையுங்கள், பக்கத்தில் பராமரிப்பே இல்லாத ஆறு வயது டீசல் சரக்கு வண்டி நாள் முழுக்கக் கரும்புகை கக்கிக்கொண்டு ஓடுகிறது. 2025இல் அந்த வயது விதி பிடித்தது முதல் வண்டியை. பிடிபட்ட வண்டியும் எப்போதும் உடைப்புக்குப் போவதில்லை, தடையில்லாச் சான்று வாங்கி வேறு மாநிலத்துக்கு விற்றுவிடலாம். நம்மூர்ப் பழைய கார் சந்தையில் 'டெல்லி வண்டி' என்று சல்லிசாகக் கிடைப்பவற்றைப் பார்த்திருப்பீர்களே, புகை ஊர் மாறியிருக்கிறது.

லண்டன் இதே வேலையை வேறு மாதிரி செய்கிறது. 2019இல் நகர மையத்தில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் நகரம் முழுவதற்கும் விரித்தார்கள். அங்கே வயது கேட்பதில்லை, வண்டி எந்த மாசுத் தரத்தில் செய்யப்பட்டது என்றுதான் கேட்கிறார்கள். பெட்ரோல் என்றால் யூரோ 4, டீசல் என்றால் யூரோ 6, அதற்குக் கீழே இருந்தால் ஒரு நாளுக்கு 12.50 பவுண்ட். அதனால் 2006இல் வாங்கிய பெட்ரோல் கார் பெரும்பாலும் காசு கட்டாமல் போகும், 2012 டீசல் கார் கட்ட வேண்டியிருக்கும். டெல்லி கடன் வாங்க வேண்டியது இந்த யோசனையைத்தான். பங்க்கில் கொடுக்கும் மாசுச் சான்றிதழை நம்பி இதைச் செய்ய முடியாது. பெட்ரோல் வண்டி சும்மா நின்று உறுமும்போது கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் பார்ப்பார்கள், டீசலில் புகை எவ்வளவு அடர்த்தி என்று பார்ப்பார்கள், நுரையீரலுக்குள் இறங்கும் நுண்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் அந்தச் சோதனையில் கணக்கிலேயே இல்லை.

சத்தமில்லாமல் அதிகம் சாதித்தது எரிபொருள் மாற்றம். 1998இல் உச்ச நீதிமன்றம் டெல்லி பஸ்கள் மொத்தமும் சிஎன்ஜிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது, காஸ் நிரப்ப ஆட்டோக்களும் பஸ்களும் மைல்கணக்கில் வரிசை கட்டி நின்ற அவஸ்தையெல்லாம் தாண்டி 2002 முடிவில் டீசல் பஸ் ஒழிந்தது. அடுத்த பாய்ச்சல் பி.எஸ்.-6. ஐந்தைத் தாண்டிக் குதித்து ஆறுக்குப் போனார்கள், டெல்லிக்கு 2018 ஏப்ரலில் எரிபொருள் வந்தது, நாடு முழுக்க 2020 ஏப்ரலில். எரிபொருளில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 ஆனது. கந்தகம் அதிகமிருந்தால் புகையை வடிகட்டும் கருவிகள் கெட்டுப்போகும், அதனால் முதலில் எரிபொருள் சுத்தமாக வேண்டும், பிறகுதான் வண்டி. டீசல் காரில் துகள் வரம்பு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5க்கு இறங்கியது. சிக்னலில் யாரையும் நிறுத்தி அபராதம் போடத் தேவையில்லை, ஏமாற்றும் வழியும் குறைவு. ஒரே குறை, வண்டி எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொன்றிலும் மிச்சம் பிடித்தது கரைந்துகொண்டே போகும். மின்சார வண்டியிலும் டயர், பிரேக் தூசி போகாது, ஆனால் நாள் முழுக்க ஓடும் ஆட்டோ, டெலிவரி பைக், சின்னச் சரக்கு வண்டி இவற்றை முதலில் மாற்றினால் கிடைக்கும் பலன், வாரக் கடைசியில் மட்டும் வெளியே வரும் சொகுசு காருக்கு மானியம் கொடுப்பதில் கிடைக்காது.

சரி, பஸ். அந்த 1998 உத்தரவிலேயே 2001 ஏப்ரலுக்குள் 10,000 பஸ் வேண்டும் என்றும் இருந்தது. சிஎன்ஜி பாதியை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், இந்தப் பாதியை மறந்துவிட்டார்கள். இருபது வருடம் கழித்தும் அரசு பஸ்ஸும் அரசுக்காக ஓடும் ஒப்பந்த பஸ்ஸும் சேர்ந்து அந்த எண்ணைத் தொடவில்லை. 2002 கடைசியில் தொடங்கிய மெட்ரோ அருமையாகத்தான் ஓடுகிறது, ஆனால் ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் கொண்டுபோய் விட பஸ் வேண்டுமே. 2019இல் பெண்களுக்கு பஸ்ஸில் இலவசப் பயணம் கொடுத்தார்கள், நல்ல காரியம். நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருந்தது.

என் கையில் ஒரு பட்ஜெட் கொடுத்தால் பெரும்பகுதி பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கென்று தனித் தடத்துக்கும் போகும், அப்புறம் லண்டன் மாதிரி தரத்தை வைத்துக் கட்டணம், ஒற்றை-இரட்டைக்கு ஒரு பைசா கிடையாது. தனித் தடம் போடுவதும் லேசு இல்லை. 2008இல் டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் போட்டார்கள், கார்க்காரர்கள் வருடக்கணக்கில் திட்டித் தீர்த்தார்கள், கடைசியில் அரசே அதைப் பெயர்த்துவிட்டது.